ஏழாவதாக வந்தவள் எழுதுகிறேன்

என்னிடம் ஒரு சான்றிதழ் இருக்கிறது. விளையாட்டு இட ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு அதன் கணக்கு தெரியும். நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 3. என்னுடையது படிவம் 3. அதை வைத்துத்தான் உடற்கல்விப் படிப்பில் இடம் வாங்கினேன். அந்தப் படிப்பை வைத்துத்தான் இன்று ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சம்பளம் வாங்குகிறேன். அந்தத் தாள் மட்டும் இல்லையென்றால், எங்கள் தெருப் பெண்கள் பலரைப் போல நானும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் கம்பெனி வேனுக்காகக் காத்து நின்றிருப்பேன்.

அந்தச் சான்றிதழுக்கான தேர்வு ஓட்டத்தில் நான் ஏழாவதாக வந்தேன். அணிக்கு ஆறு பேர்தான். ஏழாவதாக வந்தவளுக்கு அது எப்படிக் கிடைத்தது என்பதைப் பதினெட்டு ஆண்டுகளாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இப்போது சொல்லக் காரணம், என்னோடு ஓட வரும் ஒரு கல்லூரி மாணவி. ஞாயிற்றுக்கிழமைகளில் கருங்குழியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் அவள்தான் வேகம். போன மாதம் தன் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினாள். 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு உடம்பில் இருக்கிறதா என்று ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. "இது நல்லதுதானேக்கா? ஆம்பள ஒடம்போட வந்து ஓடுனா நாம எப்படி ஜெயிக்கிறது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க செலக்‌ஷன்லயும் ஒருத்தி இருக்காக்கா. அவளப் பாத்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அப்படி நிறுத்துவது எனக்குப் புதிதல்ல. 2007-ல் நானும் அப்படித்தான் நிறுத்தினேன்.

கல்லூரி கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அதற்கு டிராக் கிடையாது. வயல் ஓரம், மண் பாதை, மேடு பள்ளம், சேறு என்று ஆறு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். எத்தனை நிமிடத்தில் வந்தாய் என்பதைவிட எத்தனையாவதாக வந்தாய் என்பதே கணக்கு. ஓர் அணிப் பிள்ளைகள் வந்த இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த அணி ஜெயிக்கும். ஷூ இருந்தால் போதும் என்பார்கள். ஷூகூட வேண்டாம் என்பவர்களும் உண்டு. அதனால்தான் இது ஏழைகளின் விளையாட்டு என்று பெயர் எடுத்திருக்கிறது. அந்தப் பெயரை நான் நம்புவதில்லை.

நான் ஓடிப் பழகியது மதுராந்தகம் ஏரிக்கரையில். பெரிய ஏரி அது. கரை உடையப்போன ஓர் இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று காத்ததாகவும், அதை அன்றைய வெள்ளைக்கார கலெக்டரே பார்த்ததாகவும் தலபுராணம் உண்டு. அந்தக் கரைக்கு மண் சுமந்தவர்கள் யார் என்று தலபுராணம் சொல்லாது. நாங்கள் சொல்வோம். எங்கள் காலனியிலிருந்து கரைக்குப் போக இரண்டு வழி. ஊர்த்தெரு வழியாகப் போனால் கால் மணி நேரம். சுற்றிப் போனால் அரை மணி நேரம். ஊர்த்தெரு வழியாக ஓடக்கூடாது என்று யாரும் போர்டு மாட்டி வைக்கவில்லை. பேன்ட் போட்ட காலனிப் பெண் விடியற்காலையில் ஓடினால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன கேட்பார்கள் என்பது என் ஆயாவுக்குத் தெரியும். "சுத்திப் போடி. கூடக் கொஞ்சம் ஓடுனா காலு தேஞ்சா பூடும்?" என்பாள். அந்தக் கூடுதல் தூரம்தான் என் முதல் பயிற்சி. சாதி எனக்குப் போட்டுக் கொடுத்த பயிற்சித் திட்டம் என்று பிற்பாடு வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன்.

2007 டிசம்பர் தேர்வு ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் செய்யூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வாரும் வேலை. பள்ளி விடுமுறைகளில் அவளும் உப்பு சுமந்திருக்கிறாள். தோள் அகலமாக இருக்கும். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். குரல் கொஞ்சம் கட்டை. இரண்டாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் இடையில் நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தது. ஓடி முடித்ததும் கீழே விழவில்லை, வாந்தி எடுக்கவில்லை. மற்றவர்கள் வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அதற்குச் சரியாக ஓராண்டு முன்புதான், 2006 டிசம்பரில், தோகா ஆசிய விளையாட்டில் நம் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியிருந்தார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த தலித் குடும்பத்தின் பெண். நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. ஓட்டத்துக்குப் பிறகு அவரைப் பாலினச் சோதனைக்கு அழைத்துப் போனார்கள். என்ன சோதனை என்று அவருக்கு விளங்கும்படி சொல்லவில்லை. முடிவு ஊடகங்களுக்குக் கசிந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. அன்றைய முதலமைச்சர் கலைஞர் 15 லட்சம் ரூபாய் பரிசை நிறுத்தாமல் கொடுத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்தியத் தடகள நிர்வாகம் அவருக்காக ஒரு முறையீடுகூட ஒழுங்காகச் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009-ல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு இதே நிலைமை வந்தபோது அந்த நாடே அவர் பின்னால் நின்றது. அவரது பதக்கம் அவரிடமே இருந்தது. நம் சாந்தி 2012-ல் செங்கல் சூளைக்கே கூலி வேலைக்குப் போனார்.

இந்தச் செய்திகளால் எங்கள் மைதானங்களில் ஒரு புதுச் சொல் புழக்கத்துக்கு வந்திருந்தது. "சாந்தி கேஸா இருக்குமோ?" செய்யூர்ப் பெண் ஓடி முடித்த பத்தாவது நிமிடத்தில் அந்தச் சொல் ஷாமியானாவுக்குள் வந்துவிட்டது. வேறு ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் ஒரு வெள்ளைத் தாளில் புகார் எழுதினார். ஓடிய பெண்களே கையெழுத்துப் போட்டால் பலமாக இருக்கும் என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், "சேரிப் பொண்ணுங்கன்னாலே இப்படித்தாம்பா, பாதி ஆம்பள" என்று சிரித்தார். நானும் சேரிதான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது. ஏழு கழித்தல் ஒன்று ஆறு என்பது மட்டும் தெரிந்தது. நான்காவது கையெழுத்து என்னுடையது.

அவளை ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மருத்துவர் யாரும் வந்ததாக நான் பார்க்கவில்லை. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். உடல்நிலை சரியில்லை, அணியில் சேர விருப்பமில்லை என்று அவளே எழுதிக் கொடுத்ததாகப் பிறகு சொன்னார்கள். முடிவுத் தாளில் முதல் வரியை அடித்துவிட்டு எண்களை மாற்றி எழுதினார்கள்.

பின்னாளில் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீன்யோவின் கதையைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டு. அதுவும் கல்லூரிப் பிள்ளைகளின் போட்டிதான். கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். ஆண்களுக்குரிய எக்ஸ்-ஒய் குரோமோசோம்கள் என்று வந்தது. அடிபட்டதுபோல நடித்து விலகிக்கொள்ளச் சொன்னார்கள். நடித்தார். சில மாதங்கள் கழித்து உள்நாட்டுப் போட்டியில் ஓடியதும் விஷயம் பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை, தங்குமிடம், உறவு எல்லாம் போயின. அவர் உடம்பு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை ஏற்கவே முடியாத உடம்பு. குரோமோசோம் என்னவாக இருந்தாலும் அதனால் அவருக்குத் துளி லாபமும் இல்லை. இதை நிரூபித்து 1988-ல் மறுபடி தகுதி பெற்றார். ஆனால் ஓட்டக்காரிக்கு மூன்று வருடம் என்பது ஓர் ஆயுள். கோபேயில் அடிபட்டதாக நடிக்கச் சொன்னார்கள், இங்கே உடல்நிலை சரியில்லை என்று எழுத வைத்தார்கள்.

இனி என் மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது லேசான கேள்வி இல்லை. அவளைத் திட்டி வாயடைக்க எனக்கு உரிமையும் இல்லை.

அம்பேத்கர் 1936-ல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, பேச விடாமல் செய்யப்பட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் சமத்துவத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. மனிதர்கள் மூன்று வகையில் ஏற்றத்தாழ்வு உடையவர்கள் என்கிறார். ஒன்று, பிறப்பில் வந்த உடம்பு. இரண்டு, பெற்றோர் பராமரிப்பு, கல்வி போன்ற சமூகச் சொத்து. மூன்று, அவரவர் முயற்சி. முயற்சியில் வேறுபாடு இருந்தால் வேறுபாடாக நடத்துவதைப் புரிந்துகொள்ளலாம். முதல் இரண்டை வைத்தும் அப்படி நடத்தினால், குடும்பப் பெயரும் பரம்பரைப் பணமும் உள்ளவர்கள்தான் போட்டியில் தேர்வாவார்கள், அது திறமையைப் பார்த்த தேர்வு ஆகாது என்று வாதிடுகிறார். அவர் அங்கே பயன்படுத்துகிற சொல்லே பந்தயம்தான். உண்மையான பந்தயத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போமே.

முதலில் உடம்பு. நெடுந்தூர ஓட்டம் என்பது ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன். அதைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஃபின்லாந்தில் ஏரோ மண்டிராந்தா என்று பனிச்சறுக்கு வீரர் ஒருவர் இருந்தார். 1960-களில் மூன்று ஒலிம்பிக்குகளில் ஏழு பதக்கங்கள் வென்றவர். அவருடைய குடும்பத்தில் பலருக்கும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதைப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே சிவப்பணுக்கள் ஏராளம். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 17 வரை இருந்தாலே தாராளம். அவருக்கு 20-ஐத் தாண்டியது. அவர் பதக்கத்தை யாரும் பிடுங்கவில்லை. அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். இயற்கை கொடுத்த வரம் என்று எழுதினார்கள். கத்தக்குறிச்சிப் பெண்ணின் உடம்பில் இயற்கை ஏதோ கொடுத்திருந்தால் மட்டும் அது மோசடியானது எப்படி?

இதே ஹீமோகுளோபினை இங்கே அளந்து பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். எங்கள் கல்லூரி அணியில் எனக்கு 9.4 இருந்தது. ஒரு ரத்ததான முகாமில் என்னைத் திருப்பி அனுப்பியபோதுதான் அந்த எண்ணே எனக்குத் தெரியும். ஆயா மாட்டு ஈரல் வாங்கிவந்து மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பாள். "ஓடுற பொண்ணுக்கு ரத்தம் வோணும்டி." அதை டிபன் பாக்ஸில் எடுத்துப் போய் மைதானத்தில் திறந்த அன்று இரண்டு பெண்கள் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். பிறகு எடுத்துப் போகவில்லை. 9.4 உள்ளவளும் 13 உள்ளவளும் ஒரே கோட்டில் நின்று ஓடுகிறார்கள். அதற்கு எதிராக யாரும் வெள்ளைத்தாளில் புகார் எழுதியதில்லை.

ரத்தம் எங்கிருந்து வருகிறது? சோற்றிலிருந்து. சோறு நிலத்திலிருந்து. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் குடிசை, துணி, தீனி, கடன் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் யார் கையில் போயின என்பது இந்தத் தளத்தை வாசிப்பவர்களுக்குத் தெரிந்த கதை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். ஓட்டப் பந்தயம் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். என் 9.4-க்கு வேறு எங்கே போய்க் காரணம் தேடுவது?

ஷூ விஷயத்தையும் பார்த்துவிடலாம். மதுரை சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். கல்லூரிக் காலத்தில் வெறுங்காலோடு ஓடினார். டோக்கியோ ஒலிம்பிக் வரை போய்விட்டதால் அது தன்னம்பிக்கைக் கதை ஆகிவிட்டது. போகாத ரேவதிகளின் கால்கள் யார் கண்ணிலும் படாது. இன்னொரு பக்கம், அடியில் கார்பன் தகடு வைத்த ஷூக்கள் 2017 வாக்கில் வந்தன. ஓடும்போது செலவாகும் சக்தியில் 4 விழுக்காடு மிச்சம் என்று சொல்லி விற்றார்கள். விலை இருபதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். உலகத் தடகள அமைப்பு என்ன செய்தது? 2020-ல் சாலை ஓட்ட ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, சில மாதங்களாவது கடையில் விற்பனையில் இருந்திருக்க வேண்டும் என்று விதி போட்டது. கடையில் கிடைத்தால் நியாயம். யாரால் வாங்க முடியும் என்பது அவர்கள் கவலை இல்லை. எங்கள் தேர்வு ஓட்டத்தில் நான்காவதாக வந்தவள், கோடை முழுக்க ஊட்டியில் தங்கிப் பயிற்சி எடுத்தவள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரம், மெல்லிய காற்று, ரத்தம் தானாகக் கூடும். அவள் அப்பா காரில் குளுக்கோஸோடு வந்திருந்தார். அவள்மேல் எனக்குப் பொறாமை உண்டு, புகார் இல்லை. செய்யூர்ப் பெண்மேல் எனக்குப் பொறாமையே இருந்ததில்லை. ஆனால் புகார் எழுதினேன்! இதை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். பணத்தால் வருகிற சாதகம் நம் கண்ணுக்கு உழைப்பாகத் தெரிகிறது. உழைத்து உழைத்து அகலமான தோள் மட்டும் சந்தேகத்துக்குரியதாகத் தெரிகிறது. பெண் என்றால் மெல்லியவள், தளர்ந்து விழுபவள் என்ற படம் யாருடைய வீட்டுப் பெண்ணைப் பார்த்து வரையப்பட்டது? உப்பு சுமந்தவளைப் பார்த்தோ சூளையில் கல் அறுத்தவளைப் பார்த்தோ வரைந்ததில்லை.

சரி, அப்படியானால் எந்த விதியும் வேண்டாமா? ஆணும் பெண்ணும் ஒன்றாக ஓடிவிடலாமா? முற்போக்கு நண்பர்கள் சிலர் இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தலையாட்டுகிறார்கள். அவர்கள் ஓடிப் பார்க்காதவர்கள். உச்ச நிலையில் ஓட்டங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே சுமார் 10 விழுக்காடு வித்தியாசம் இருக்கிறது. தனிப் பிரிவு இல்லையென்றால் இறுதி ஓட்டங்களில் பெண்களே இருக்க மாட்டார்கள். பெண்கள் பிரிவு என்பது ஒரு வகையில் இட ஒதுக்கீடு. இட ஒதுக்கீடு என்றால் யாருக்கு என்ற எல்லை வேண்டும். எல்லை என்றால் சான்று வேண்டும். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் நாம். போலிச் சான்றிதழில் நம் இடத்தைப் பறித்தவர்கள்மேல் வழக்குப் போட்டவர்களும் நாம்தான். ஆகவே "எல்லையே கூடாது" என்று என் வாயில் வராது.

ஆனால் எல்லையை யார் போடுகிறார்கள், எந்த ஆதாரத்தில், யாரை மட்டும் நிறுத்திக் கேட்கிறார்கள் என்பதைக் கேட்கக் கற்றவர்களும் நாம்தான். இந்த எல்லையின் வரலாறு அப்படியொன்றும் கௌரவமானது இல்லை. 1966-ல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் பெண்களை மருத்துவர்கள் முன் நிர்வாணமாக நடக்கவிட்டார்கள். 1968 முதல் குரோமோசோம் பார்த்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் எட்டுப் பெண்கள் மரபணு சோதனையில் சிக்கினார்கள். விசாரித்துப் பார்த்து எட்டுப் பேரையும் போட்டியிட அனுமதித்தார்கள். 1999-ல் ஒலிம்பிக் குழு இந்தச் சோதனையையே கைவிட்டது. இப்போது அதே வகைச் சோதனை புதுப் பெயரில் திரும்பி வந்திருக்கிறது. எஸ்.ஆர்.ஒய். மரபணுவை 1990-ல் கண்டறிந்த குழுவில் இருந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்கிளேரே, ஒருவரின் பாலினத்தை முடிவுசெய்ய இந்த ஒரு மரபணு போதாது என்று 2025-ல் எதிர்த்து எழுதினார்.

நடுவில் ஹார்மோன் அளவு என்றார்கள். ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண் த்யுதி சந்த் அதனால் 2014-ல் நிறுத்தப்பட்டார். அவர் வழக்குப் போட்டார். சாந்தி காலத்தில் கிடைக்காத அரசு ஆதரவு அவருக்குக் கிடைத்தது. இயற்கையாக அந்த ஹார்மோன் கூடுதலாக உள்ள பெண்ணுக்கு ஆணுக்குரிய அளவு சாதகம் கிடைக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டுங்கள் என்று விளையாட்டு நடுவர் மன்றம் 2015 ஜூலையில் விதியை நிறுத்தி வைத்தது. த்யுதி 2019-ல் நேப்பிள்ஸ் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டர் தங்கம் வென்றார். பத்தீன்யோவை வெளியேற்றிய அதே போட்டி. (பின்னாளில் ஊக்கமருந்து வழக்கில் அவர் தடை பெற்றார். அது வேறு விவகாரம். மறைக்க ஒன்றுமில்லை.) கேட்ட ஆதாரமாக 2017-ல் ஓர் ஆய்வைக் கொண்டுவந்தார்கள். அதில் வித்தியாசம் தெரிந்த போட்டிகளில் சங்கிலிக் குண்டு எறிதலும் கோலூன்றித் தாண்டுதலும் இருந்தன. விதி போட்டபோது அவை இரண்டையும் விட்டுவிட்டார்கள். வித்தியாசம் தெரியாத 1500 மீட்டரையும் மைல் ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். செமன்யா ஓடும் தூரங்கள் அவை. 2021-ல் ஆய்வாளர்களே தங்கள் முடிவுகளைக் காரண-காரியம் என்று கொள்ள முடியாது என்று திருத்தம் வெளியிட்டார்கள். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செமன்யாவின் வழக்கு சுவிஸ் நீதிமன்றத்தில் நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது.

இது உலக அரங்கின் சண்டை. அங்கே விதி என்ற ஒன்றாவது எழுதப்பட்டிருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது. நம் கல்லூரி மைதானத்தில் என்ன இருக்கிறது? ஒரு வெள்ளைத் தாள், நான்கு கையெழுத்து, ஓர் அறை. அங்கே உலகச் சாதனையா முறியப்போகிறது? ஒரு படிவம் 3, அதன் வழியாக ஒரு சீட்டு, ஒரு போலீஸ் வேலை, ஒரு ரயில்வே வேலை. எந்த மருத்துவ ஆதாரமும் இல்லாமல், முடியின் நீளத்தையும் மார்பின் அளவையும் குரலையும் வைத்து ஒரு பெண்ணின் பிழைப்பை முடிக்கிற அதிகாரத்தை அந்த அறைக்கு யார் கொடுத்தார்கள்? புகார் கொடுப்பவர் தன் பெயரோடு எழுத்தில் கொடுக்க வேண்டும், மருத்துவர் தவிர வேறு யாரும் அவள் உடம்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, முடிவு வரும்வரை அவள் இடம் அவளுக்கே, பொய்ப் புகார் கொடுத்தால் கொடுத்தவர்மேல் நடவடிக்கை. இந்த நான்கையாவது பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகள் எழுத்தில் போடட்டும் என்று கேளுங்கள். மாணவர் அமைப்புகளில் இருக்கும் தோழர்களுக்கு இது செய்யக்கூடிய வேலைதான். கையோடு, தேர்வு முகாமுக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும் ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச்சத்து மாத்திரையும் முட்டையும் இறைச்சியும் கொடுக்கச் சொல்லியும் கேளுங்கள். மரபணு பார்க்கப் பணம் இருக்கிறவர்களுக்கு அது பெரிய செலவில்லை.

இவ்வளவையும் என் மாணவியிடம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சொன்னேன். கையெழுத்து விஷயம் உட்பட. அவள் வெகு நேரம் பேசவில்லை. ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நெசமாவே ஒருத்திக்கு ஒடம்புல ஏதோ கூட இருந்து, அதனால நான் ஏழாவதா வந்தா, நான் இன்னாக்கா பண்றது?" என்று கேட்டாள்.

ஊட்டிக்காரியிடம் தோற்றால் என்ன செய்வாயோ அதையே செய் என்றேன். அவள் சமாதானம் ஆகவில்லை. எனக்கும் அது முழுப் பதில் இல்லை என்று தெரியும். ஒரே ஒரு சீட்டு இருக்கும்போது ஏழாவதாக வருகிறவளின் வயிற்றெரிச்சல் பொய்யில்லை. நான் பட்டவள். ஆறு இடம்தான் என்று வைத்தவர்களிடம் போய்க் கேட்காமல் முதலிடத்தில் நின்றவளிடம் போய்ப் பிடுங்கினேன் என்பதைத்தான் அவளிடம் சொல்ல முடிந்தது.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "அந்த அக்காவத் தேடிப் பாத்தீங்களா?" என்றாள்.

தேடவில்லை. மதுராந்தகம் போய் மாறினால் செய்யூருக்கு ஒரே பஸ்.